பயந்தவங்களுக்கு எலுமிச்சம்பழம் விக்காதீங்க

பதிவு நீளமா இருக்கும். கோபத்துல எழுதுறதால சில இடத்துல காரமாவும் இருக்கும். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க, கேட்டுக்கிறோம்.

நம்ம கோயில்களுக்கு வர்ற கூட்டத்துல யாருக்காவது திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு, மூச்சு முட்டி, கை கால் நடுங்கி, முகம் வெளுத்துப் போச்சுன்னா, ரெண்டே நிமிஷத்துல அங்க ஒரு தீர்ப்பு சொல்லிடுறாங்க. "காத்து கருப்பு பட்டிருக்கு." "யாரோ செஞ்சு வச்சிருக்காங்க." "தீட்டோட வந்திருப்பா." "குலதெய்வத்தை மறந்துட்டாங்க, அதான்." பக்கத்துல நிக்கிற ஒருத்தர், "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஐயா இருக்காரு, பார்த்த உடனே சொல்லிடுவாரு"ன்னு ஆரம்பிப்பார். போன் நம்பர் கை மாறும். அன்னைக்கு ஆரம்பிக்கிற செலவு எந்த வருஷம் முடியும்னு அந்த ஐயாவுக்குத்தான் வெளிச்சம்.

இதை எழுத எங்களுக்கு என்ன தகுதின்னு கேப்பீங்க. பெரிய படிப்பு இல்ல. எஸ்பிஎம் வரைக்கும் படிச்சிட்டு பேக்டரிக்குப் போனவங்க நாங்க. லைன்ல நின்னு, சூப்பர்வைசர் ஆகி, இப்ப அம்பது வயசைத் தாண்டியாச்சு. ஆனா திருவிழா நாள்ல வரிசையில மயங்கி விழுறவங்களை முதல்ல தாங்கிப் பிடிக்கிறது தொண்டூழியர்களோட கைதான். முதலுதவி வகுப்புக்குப் போயிருக்கோம், டாக்டர்கள்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். அந்த உரிமையில பேசுறோம்.

நாங்க பார்த்ததுல பாதிக்கு மேல பேரு பேனிக் அட்டாக். தமிழ்ல பதற்றத் தாக்குன்னு எழுதுறாங்க. எஸ்டேட் காலத்துல ரப்பர் காட்டுக்குள்ள காட்டுப்பன்னி துரத்தினா உடம்பு என்ன செய்யும்? அட்ரினலின் பாயும், நெஞ்சு வேகமா அடிக்கும், மூச்சு ஏறும், வேர்க்கும், வயித்தைக் கலக்கும், கால் தானா ஓடும். உயிர் பிழைக்க ஆண்டவன் வச்ச ஏற்பாடு அது. பேனிக் அட்டாக்குல பன்னி வராது, ஆனா ஏற்பாடு மட்டும் முழுசா ஓடும். பேக்டரியில நெருப்பே இல்லாம பயர் அலாரம் அடிக்கிற மாதிரி. சத்தம் நிஜம், எல்லாரும் வெளியே ஓடுறது நிஜம், நெருப்பு மட்டும் இல்ல.

வேகவேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கரியமில வாயு குறைஞ்சு போகும். அதனால தலை கிறுகிறுக்கும், உதடும் விரலும் மரத்துப் போகும். சில பேருக்கு விரல் உள்ள மடங்கி இறுகிக்கும், நேராக்கவே முடியாது. இந்தக் கையைக் காட்டித்தான் "பாத்தியா, பேய் பிடிச்ச கை"ன்னு சொல்றாங்க. சுத்தி இருக்கிறது எல்லாம் கனவு மாதிரி, தன் உடம்பே தன்னோடது இல்லாத மாதிரியும் தோணும். நோயாளி பாவம், "நான் நானா இல்ல"ன்னு உள்ளதைத்தான் சொல்றாங்க. கேக்கிறவங்க அதுக்கு வேற அர்த்தம் கட்டிடுறாங்க.

கோயில்ல ஏன் அடிக்கடி நடக்குதுன்னும் யோசிங்க. காலையில இருந்து வெறும் வயிறு, வெறும் கோப்பி. முந்தின நாள் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு தூங்காம வந்திருப்பாங்க. வெக்கை, கற்பூரப் புகை, முன்னும் பின்னும் நகர முடியாத கூட்டம். திரை விலகுற நேரம் மேளம் உச்சத்துல அடிக்கும். நல்லா இருக்கிற மனுஷனுக்கே நெஞ்சு துடிக்கும். அந்தத் துடிப்பைக் கண்டு பயந்தா இன்னும் வேகமா துடிக்கும், அதைக் கண்டு இன்னும் பயம். பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிடும். "நான் சாகப் போறேன்"னு நிச்சயமா நம்புவாங்க. நடிப்பு கிடையாது அது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். பேனிக் அட்டாக் உச்சத்துக்குப் போனதும் தானாவே இறங்க ஆரம்பிச்சிடும். உடம்பால ரொம்ப நேரம் அந்த வேகத்துல ஓட முடியாது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள அடங்கிடும். நீங்க ஒண்ணுமே செய்யலைன்னாலும் அடங்கும். அப்ப பதினஞ்சாவது நிமிஷத்துல யார் வேப்பிலை அடிக்கிறாரோ, யார் எலுமிச்சம்பழத்தை சுத்திப் போடுறாரோ, அவருக்குத்தான் பேரு! "ஐயா கை வச்சதும் இறங்கிடுச்சு." இந்த வியாபாரம் நஷ்டமே ஆகாததுக்குக் காரணம் இதுதான். அடுத்த மாசம் திரும்ப வந்தா? "செஞ்சவன் பலமான ஆளு, இது பெரிய கட்டு, செலவாகும்." வந்தாலும் காசு, போனாலும் காசு. எங்க பேக்டரியில ஒரு மெஷின் தானா ஆன் ஆகி தானா ஆஃப் ஆகுது, நான்தான் சரி பண்ணேன்னு ஒருத்தன் ஒவ்வொரு தடவையும் பில் குடுத்தா, மூணாவது பில்லுல ஆளை மாத்திடுவோம். இங்க மட்டும் ஏன் மாத்த மாட்டேங்கிறோம்?

கயிறு என்ன செய்யுது தெரியுமா? கயிறு கட்டினவர் கயிறு இல்லாம வெளியே போகப் பயப்படுவார். குளிக்கும்போது அவுந்துட்டா அதுக்கே ஒரு அட்டாக் வரும். பயத்தைப் போக்குறேன்னு கொடுத்த பொருளே பயத்துக்குக் காவல்காரனா உக்காந்துக்குது.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, லோரி டிரைவர், வயசு 36. பதினோரு வருஷமா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த பிள்ளை. ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்குள்ள ஜாம்ல மாட்டினப்பதான் முதல் தடவை வந்தது. நெஞ்சை அடைக்குது, செத்தோம்னு நினைச்சு நேரா எமெர்ஜென்சிக்குப் போனார். இசிஜி எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, எல்லாம் நார்மல். "கேஸ்ட்ரிக், ஸ்ட்ரெஸ்"னு சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவையும் அதே கதை. ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்றாரு, எனக்கு உயிர் போகுது, அப்ப இது டாக்டர் கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுன்னு அவர் முடிவு பண்ணினதுல என்ன தப்பு சொல்ல முடியும்? "ஹார்ட் நல்லா இருக்கு, இதுக்குப் பேரு பேனிக், இதுக்கு வைத்தியம் இருக்கு"ன்னு ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தா போதும். அந்த ஒரு வரியைச் சொல்லாம விட்ட இடத்துலதான் ஐயா உள்ள நுழைஞ்சார்.

முதல்ல 350 வெள்ளி. அப்புறம் 1,200. அப்புறம் கருப்புக் கோழி, இடுகாட்டுப் பூஜைன்னு 2,800. தம்பி முதல்ல ஹைவேயை விட்டார். அப்புறம் லோரியை விட்டார். அப்புறம் மோட்டார்ல தாமான் சந்து வரைக்கும்தான் போனார். கடைசியில கோயில் வரிசையையும் விட்டுட்டார், கூட்டத்துல வந்துடுமோன்னு பயம். பதினோரு வருஷம் பால்குடம் எடுத்தவரைக் கோயிலுக்கே வர விடாம செஞ்சது எந்த சூனியம்? எங்களைக் கேட்டா, சரியான பேரைச் சொல்லாம காலத்தைக் கடத்தின எல்லாரும் சேர்ந்து வச்ச சூனியம்தான்.

சில பெரியவங்களுக்கு இந்நேரம் கோபம் வந்திருக்கும். "அப்ப அருள் வர்றதெல்லாம் பொய்யா?" அப்படி நாங்க சொல்லவே இல்ல. அருள் வர்றதை சின்ன வயசுல இருந்து பார்த்து வளர்ந்தவங்க நாங்க. எங்க பாட்டிக்கே வரும். ஆனா அருள் வந்தவங்க பயப்படுறதை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா? அவங்க முகத்துல பயம் இருக்காது, பார்க்கிறவங்களுக்குத்தான் பயம் வரும். "அண்ணே, எனக்கு என்னமோ ஆகுது, நான் சாகப் போறேன், விட்டுட்டுப் போயிடாதீங்க"ன்னு நம்ம கையை இறுக்கிப் பிடிக்கிற பொண்ணுக்கு வந்தது அருள் கிடையாது. அவளைச் சுத்தி நின்னு "யார் நீ, எங்கிருந்து வந்த, சொல்லு"ன்னு அதட்டுறது பாவம். அதுவும் மாமியார் வீட்டு ஆளுங்க முன்னாடி அதட்டினா, "பேய் பிடிச்ச மருமக"ங்கிற பட்டத்தோடதான் அந்தப் பொண்ணு மிச்ச காலத்தை ஓட்டணும்.

இன்னொரு வாதமும் வரும், அது கொஞ்சம் கனமானது. "திருநாவுக்கரசருக்கு சூலை நோய் வந்தப்ப திலகவதியார் கொடுத்த திருநீறுதானே காப்பாத்துச்சு? பாண்டிய மன்னனோட வெப்பு நோயை சம்பந்தர் திருநீறு பூசித்தானே தீர்த்தார்?" ஆமா. கேட்டுக் கையெடுத்துக் கும்பிடுறோம். திருநீறு பூசுங்க, நாங்களே பூசி விடுறோம், பதிகம் பாடுங்க. ஆனா ஒரு கேள்வி. சம்பந்தப் பெருமான் அதுக்கு எத்தனை வெள்ளி வாங்கினார்? திலகவதியார் அடுத்த அமாவாசைக்கு ஒரு கருப்புக் கோழியோட வரச் சொன்னாங்களா? ஞானசம்பந்தர் பேரைச் சொல்லிக்கிட்டு 2,800 வெள்ளிக்கு பில் போடுறவரை நியாயப்படுத்தாதீங்க. வள்ளுவர் மருந்துன்னு தனியா ஓர் அதிகாரமே எழுதி வச்சிருக்கார், 95வது அதிகாரம். வைத்தியநாதன்னு பேரு வச்சு சிவனைக் கும்பிடுற சமயம் நம்மோடது. மருந்து சாப்பிட்டா பக்தி குறையும்னு யார் சொன்னது?

"பக்தி இருந்தா ஏன் பயம் வருது?" இதுதான் எங்களுக்கு ரொம்ப எரிச்சலான கேள்வி. பகவத் கீதையோட முதல் அத்தியாயத்தைப் புரட்டுங்க. தேர்த்தட்டுல நிக்கிற அர்ஜுனன் தன் உடம்பைப் பத்தி என்ன சொல்றான்? கை கால் சோர்ந்து போகுது, வாய் உலருது, உடம்பு நடுங்குது, மயிர் கூச்செறியுது, வில்லு கையில இருந்து நழுவுது, தோல் எரியுது, நிக்க முடியல, மனசு சுழலுது. கிளினிக்ல டாக்டர் கேக்கிற பட்டியல்ல பாதி இதுல இருக்கு. அர்ஜுனனுக்கு பக்தி இல்லையா? பகவானே தேரோட்டியா பக்கத்துல இருந்தும் வந்தது. முதல்ல கண்ணன் கொஞ்சம் கடிஞ்சுதான் பேசினார், அது உண்மை. கமெண்ட்ல யாராவது சொல்றதுக்கு முன்னாடி நாங்களே சொல்லிடுறோம். அப்பவும் அர்ஜுனன் எந்திரிக்கல. அப்புறம்தான் பதினெட்டாவது அத்தியாயம் வரைக்கும் பொறுமையா பேசினார், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். கோழி வெட்டச் சொல்லல.

சரி, இதுக்கு நேர் எதிர்ப் பக்கத்துல ஒரு ஆபத்து இருக்கு, அதையும் கேளுங்க. எல்லாப் படபடப்பும் பேனிக்தான்னு நாமளே முடிவு கட்டுறது அதைவிட மோசம். ஒரு கோயில்ல அறுபது வயசு ஐயா ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். சுத்தி நின்னவங்க "சாமி வருது, தள்ளி நில்லுங்க"ன்னு இடம் விட்டுட்டாங்க! அவருக்கு வந்தது மாரடைப்பு. ஒரு தொண்டூழியப் பையன் 999க்கு அடிச்சதால பிழைச்சார், இப்ப நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கு. நம்ம சமூகத்துல சர்க்கரை நோய் அதிகம், மாரடைப்பும் சீக்கிரமே வருது. அதனால எங்க விதி ஒண்ணுதான். முதல் தடவை வருதா, நெஞ்சு வலி கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவுதா, குளிர்ந்த வேர்வையா, சர்க்கரையோ பிரஷரோ ஹார்ட் பிரச்சினையோ இருக்கிறவரா, நினைவு தப்புதா, அடங்காம நீளுதா, இதுல ஒண்ணு இருந்தாலும் 999. பேனிக்கா ஹார்ட்டான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். இசிஜி நார்மல்னு வந்து திரும்பினா வெக்கப்பட ஒண்ணுமில்ல, நல்ல சேதிதான். தைராய்டு கூடுதலா சுரந்தாலும், ரத்தம் குறைஞ்சாலும், சர்க்கரை இறங்கினாலும் இதே படபடப்பு வரும். அதுக்குத்தான் ரத்தம் எடுத்துப் பார்க்கிறாங்க.

ஏற்கனவே டாக்டர் பேனிக்னு சொல்லியிருக்கிறவருக்குக் கோயில்ல வந்துட்டா? கூட்டத்தை விலக்குங்க. காத்து வர்ற இடத்துல உக்கார வைங்க. ஒரே ஒருத்தர் பேசுங்க, மெதுவா. "இது பேனிக், கொஞ்ச நேரத்துல இறங்கிடும், நான் இங்கதான் இருக்கேன்." மூக்கால நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி வெளியே விடச் சொல்லுங்க, நீங்களும் கூடவே செய்ங்க. விடுற மூச்சு நீளமா இருக்கணும். மூஞ்சியில தண்ணி அடிக்காதீங்க, கன்னத்துல தட்டாதீங்க, வாயில எலுமிச்சை ஜூஸ் ஊத்தாதீங்க. பேப்பர் பையில மூச்சு விடச் சொல்றதும் பழைய பழக்கம், இப்ப வேண்டாம்கிறாங்க. ஹார்ட் பிரச்சினையோ ஆஸ்துமாவோ இருந்தா அது ஆபத்தாயிடும். முக்கியமா "அடங்கு, ஒண்ணுமில்ல, ஏன் இப்படி பண்ற"ன்னு சொல்லாதீங்க. போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறவங்க தயவு செஞ்சு வெளியே போயிடுங்க.

ஒரு தடவை வந்து போனா அதோட விட்டுடலாம். திரும்பத் திரும்ப வருது, ஒரு மாசத்துக்கு மேல "அடுத்தது எப்ப வருமோ"ங்கிற பயத்துலயே வாழ்றாங்க, அந்தப் பயத்துல இடத்தையும் வேலையையும் தவிர்க்கிறாங்கன்னா அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். எங்க போறது? அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்க. குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்க இருந்து ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதிக் கொடுத்தா 5 வெள்ளி. 2,800 எங்க, 6 வெள்ளி எங்க! காத்திருக்கணும், உண்மைதான், நாள் தள்ளித்தான் கிடைக்கும். ஐயா வீட்டு வாசல்ல ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில காத்திருக்கிற நமக்கு அது ஒரு பெரிய விஷயமா?

"மனநல டாக்டர்"னு சொன்னதும் வீட்டுல ஒரு அமைதி வரும். அப்புறம் யாராவது மெதுவா "தஞ்சோங் ரம்புத்தானா?"ன்னு கேப்பாங்க. அந்த ஊர் என்ன பாவம் பண்ணுச்சோ தெரியல. 1911ல அங்க ஒரு மருத்துவமனை கட்டினாங்க, இன்னைக்கு அதுக்குப் பேரு ஹாஸ்பிட்டல் பஹாகியா. நூறு வருஷத்துக்கு மேல அந்த ஊர் பேரை நாம வசைச்சொல்லா வச்சிருக்கோம். ஸ்கூல் பிள்ளைகூட "நீ தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்"னு கேலி பண்ணுது. பேனிக் வந்தவங்களைப் பிடிச்சு உள்ள போட மாட்டாங்க. உக்கார வச்சுப் பேசுவாங்க, மாத்திரை எழுதுவாங்க, வீட்டுக்குப் போய் அடுத்த மாசம் வாங்கன்னுவாங்க. சர்க்கரைக்கு டாக்டரைப் பார்க்கிற மாதிரிதான்.

வைத்தியம் ரெண்டு வழி, சில பேருக்கு ரெண்டும் சேர்த்து. ஒண்ணு பேச்சு வைத்தியம், சிபிடின்னு சொல்றாங்க. சும்மா ஆறுதல் சொல்றதுன்னு நினைக்காதீங்க, உடற்பயிற்சி மாதிரி வேலை வாங்குவாங்க. நின்ன இடத்துலயே ஓடச் சொல்வாங்க, நாற்காலியில சுத்தச் சொல்வாங்க, சின்ன ஸ்ட்ராவால மூச்சு விடச் சொல்வாங்க. வேணும்னே படபடப்பை வரவழைச்சு, "பார், நெஞ்சு அடிக்குது, நீ சாகல"ன்னு உடம்புக்கே காட்டுறது அது. அப்புறம் விட்டுப்போன இடங்களுக்குப் படிப்படியா திரும்பிப் போக வைப்பாங்க. நம்ம லோரி தம்பியை முதல் வாரம் ஹைவேயில அடுத்த எக்ஸிட் வரைக்கும்தான் போய்ட்டு வரச் சொன்னாங்க. அப்புறம் ரெண்டு எக்ஸிட். பயம் ஏறினாலும் ஓரம் கட்டி ஓடிப் போகாம, அது இறங்குற வரைக்கும் இருந்துட்டு வரணும், அதுதான் பாடம். இப்ப லோரி ஓட்டுறார். சுரங்கத்துக்குள்ள போறப்ப உள்ளங்கை இன்னும் வேர்க்குதாம். "வேர்க்கட்டும் அண்ணே"ங்கிறார்.

ரெண்டாவது வழி மாத்திரை. செர்ட்ராலின், எசிடாலோபிராம் மாதிரி மருந்துகள். இதுல நம்ம ஆளுங்க செய்ற வேலை இருக்கே! நாலு நாள் சாப்பிட்டுப் பார்ப்பாங்க, "இன்னும் கூடத்தான் படபடக்குது"ன்னு குப்பையில போடுவாங்க. முதல் ஒண்ணு ரெண்டு வாரம் அப்படித்தான் இருக்கலாம், அதுக்குத்தான் குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கிறாங்க. நல்லா வேலை செய்ய நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். சரியானதுக்கு அப்புறமும் பல மாசம் சாப்பிடச் சொல்வாங்க. நல்லா ஆயிடுச்சுன்னு திடீர்னு நிறுத்தினா தலை சுத்தும், பதற்றம் திரும்பும். டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். "இந்த மாத்திரைக்கு அடிமையாயிடுவ"ன்னு மிரட்டுறவங்க இதையும் அல்பிரசோலம் மாதிரியான மாத்திரையையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. அது உடனே அடக்கும், ஆனா பழக்கமாயிடும், அதனாலதான் டாக்டர்கள் அளந்து கொஞ்ச நாளுக்குக் கொடுக்கிறாங்க. அதைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட அரை மாத்திரை கடன் வாங்கிச் சாப்பிடுற பழக்கம் நம்ம தாமான்கள்ல இருக்கு, எங்களுக்குத் தெரியும். நிறுத்துங்க. ஆம்பளைங்க இதே பயத்துக்கு சம்சுவோ பீரோ போடுறாங்க. ராத்திரி அடங்கும், விடிஞ்சதும் ரெண்டு மடங்கா திரும்பி வரும்.

விரதக்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. 48 நாள் மண்டலம் இருக்கோம், அதனால மாத்திரையை நிறுத்திட்டோம்னு சொல்றவங்களை வருஷா வருஷம் பார்க்கிறோம். முருகனுக்கு நேர்ந்துக்கிட்டதுல மாத்திரையை நிறுத்துறதும் இருந்துச்சா? விரதத்துக்கு முன்னாடியே டாக்டரைப் பார்த்து எந்த நேரத்துல சாப்பிடலாம்னு கேளுங்க. பால், பழம் சாப்பிட்டுக்கோங்க. கட்டங்கோப்பியைக் குறைங்க, அதுவே நெஞ்சை அடிக்க வைக்கும். நைட் ஷிப்ட் முடிச்ச கையோட காவடிக்கு வர்ற தம்பிங்க, தூங்கிட்டு வாங்கய்யா.

பேக்டரின்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1978ல சுங்கைவேயில ஒரு அமெரிக்க எலெக்ட்ரானிக் பேக்டரியில மைக்ராஸ்கோப் பிரிவுல வேலை செஞ்ச சுமார் 120 பெண்கள் ஆவி பிடிச்ச மாதிரி அலறினாங்க. மூணு நாள் பேக்டரியை மூடினாங்க. நிர்வாகம் ஒரு போமோவைக் கூப்பிட்டு பேக்டரிக்குள்ளேயே ஆடு வெட்டினாங்க. அது கூட்டமா நடந்த சங்கதி, பேனிக் அட்டாக் வேற, ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா மணிக்கணக்கா மைக்ராஸ்கோப்ல குனிஞ்சு, ஷிப்ட் மாத்தி மாத்தி வேலை பார்த்தா கண்ணும் கழுத்தும் மனசும் என்ன பாடு படும்னு அந்த லைன்ல நின்னவங்களுக்குத் தெரியும். ஆடு பாவம், அதுக்கு இதுல என்ன சம்பந்தம்? எந்த இனமா இருந்தாலும் எந்த மதமா இருந்தாலும், உடம்பு சொல்றதைக் கேக்கிறதைவிட ஆட்டை வெட்டுறது சுலபமா இருக்கு.

இப்ப நம்ம கோயிலுக்கு வருவோம். நிர்வாகத்துக்கு நாங்க எழுத்து மூலமா மூணு விஷயம் கேட்டிருக்கோம். அன்னதான மண்டபம் பக்கத்துல இருக்கிற ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி, திருவிழா நாள்ல ஓய்வறையா விடணும். பிரஷர் மெஷின், ரெண்டு நாற்காலி, தண்ணி, முதலுதவி தெரிஞ்ச ரெண்டு தொண்டூழியர், அதுல ஒருத்தர் பெண். ரெண்டாவது, அரசமரத்தடியில மேசை போட்டு வாக்கு சொல்றவங்க இனிமே கோயில் வளாகத்துல உக்காரக் கூடாது. தரிசனம் முடிச்சுட்டு பயத்தோட வெளியே வர்றவங்களைக் குறி வச்சுத்தான் அந்த இடத்தைப் பிடிச்சிருக்காங்க. மூணாவது, அறிவிப்புப் பலகையில மனநல உதவி எண்களைத் தமிழ்ல எழுதணும். சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929, அது 24 மணி நேரமும் இருக்கு. வாழப் பிடிக்கலைன்னு யாராவது வாய் விட்டுச் சொன்னா அதை சாபம்னு எடுத்துக்காம, பக்கத்துல உக்காந்து இந்த எண்ணை அழுத்திக் கொடுங்க.

மூணாவதுக்கு சரின்னுட்டாங்க. முதல் கோரிக்கைக்கு ஒருத்தர் "கோயில் என்ன கிளினிக்கா?"ன்னு கேட்டார். கோயில்ல அன்னதானம் போடுறோம், அது ரெஸ்டாரண்ட் ஆயிடுச்சா? தமிழ் வகுப்பு நடத்துறோம், ஸ்கூல் ஆயிடுச்சா? நம்ம ஜனங்களுக்கு முடியலைன்னா முதல்ல வர்ற இடம் கோயில்தான். அப்படி வர்றவங்க கையில அங்க என்ன கொடுக்கிறோம்கிறதுதான் எங்க சண்டை. ரெண்டாவது கோரிக்கைக்கு இன்னும் பதில் வரல. மேசை போடுறவங்க உபயத்துக்கு நல்லா கொடுக்கிறாங்கன்னு காதுல விழுது. அது உண்மைன்னா கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல கூட்டம். உறுப்பினரா இருக்கிறவங்க வந்து கை தூக்குங்க. உறுப்பினர் இல்லாதவங்களும் வந்து உக்காந்து கேளுங்க. இந்த நோய் இருந்து வெளியே சொல்லத் தயங்குறவங்க உள்பெட்டியில எழுதலாம், பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம், கிளினிக்குக் கூட வரணும்னாலும் வர்றோம். ரூமுக்கு ஃபேன் ரெண்டு வேணும். ஒண்ணு கிடைச்சிருக்கு.